ஆடிக் காற்றில் ஆடாத போட்

தண்ணீரில் வண்டி ஓட்டுவதில் ஒரே ஒரு சிரமம்தான்: போகும்போது இருந்த பள்ளம் வரும்போது அங்கே இருக்காது. ரோட்டில் ஓட்டுகிறவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. எங்கள் பக்கத்து ரோட்டுப் பள்ளங்கள் வருஷக்கணக்காக அதே இடத்தில் விசுவாசமாகக் கிடக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டே ஒதுக்கி ஓட்டலாம்.

நான் தனம். காமயகவுண்டன்பட்டிக்காரி. தோட்டங்களிலிருந்து கம்பத்துக்கு லோடு ஆட்டோவில் திராட்சைப் பெட்டி ஏற்றிப் போய்க்கொண்டிருந்தவள், இப்போது மலையடிவாரத்து அணை ஒன்றில் ஸ்பீடு போட் ஓட்டுகிறேன். அணையில் போட் விடுவதற்கு ஏலம் எடுத்த முதலாளி கூடலூர்க்காரர். பாதி வியாபாரம் குமுளியில் என்பதால் பேச்சில் மலையாளம் தாளிப்பு மாதிரி அங்கங்கே விழும். "திராட்சை நசுங்காமக் கொண்டாறவ, ஆளு நசுங்காமக் கொண்டுபோக மாட்டியா?" என்று கேட்டு என்னை வேலைக்கு இழுத்தவர் அவர்தான். பயிற்சி, சான்றிதழ் எல்லாம் முறையாக முடித்தேன். பயிற்சி நடந்தது தை மாசம். தண்ணீர் கண்ணாடித் தட்டு மாதிரி கிடந்தது. 'அட, இவ்வளவுதானா' என்று லோடு ஆட்டோவை விற்றுவிட்டேன். அதுதான் நான் செய்த அவசரம்.

ஆனி பிறந்தது. மலை இடுக்கில் புகுந்து எங்கள் பள்ளத்தாக்கில் இறங்கும் காற்றைப் பற்றித் தேனிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொடியில் காயப்போட்ட சட்டை பக்கத்துத் தெருவில் கிடைக்கும். வாழைக்கு முட்டுக் கொடுத்தவர் அந்த முட்டுக்கம்பையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிற்பார். அந்தக் காற்று அணைத் தண்ணீரில் எழுப்பும் அலையைக் கடலோரத்துக்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். முழங்கால் உயரம்கூட வராது. ஆனால் ஒன்றின் முதுகில் ஒன்று ஏறிக்கொண்டு நெருக்கியடித்து வரும், டவுன் பஸ் படிக்கட்டுக் கூட்டம் மாதிரி. அதன்மேல் போட்டை ஓட்டுவது எப்படி என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது பயணிகள்தான். அதாவது, என்னைத் திட்டித் திட்டி.

பஸ்ஸோ, ஆட்டோவோ, ஜீப்போ எதையாவது ஓட்டி, பின்னால் உட்கார்ந்திருப்பவர்களிடம் பேச்சு வாங்கிய அத்தனை பேருக்கும் இது தெரிந்த கதைதான். தெரியாதவர்கள் எல்லோரும் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள்.

ஜல்லி ரோடு

காற்று கிளம்பிய முதல் வாரம். வடுகபட்டியிலிருந்து ஒரு பூண்டு வியாபாரி மனைவியோடும் இரண்டு தங்கைகளோடும் வந்திருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மேலே ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட். எனக்கு அப்போது தெரிந்த வேகம் இரண்டே இரண்டு: நிற்பது, முழு வேகத்தில் போவது. தை மாசத்துத் தண்ணீரில் முழு வேகம் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும் என்பதால் லீவரைக் கடைசி வரைக்கும் தள்ளி, எதிரே வந்த அலைகளுக்கு நேராக விட்டேன்.

போட் ஒவ்வொரு அலையிலும் ஏறி, அந்தரத்தில் ஒரு கணம் யோசித்து, 'தொப்'பென்று விழுந்தது. நாலு பேரும் சேர்ந்தாற்போல மேலே போனார்கள், சேர்ந்தாற்போல கீழே வந்தார்கள். வியாபாரி "மெ... து... வா... ம்மா" என்று துண்டு துண்டாகக் கத்தியது எஞ்சின் சத்தத்தில் எனக்கு "அரு... மை... ம்மா" என்று கேட்டது. சந்தோஷப்படுகிறாராக்கும் என்று அதே வேகத்தில் இன்னொரு சுற்றும் இலவசமாகச் சுற்றிக் காட்டினேன். கரையில் இறங்கியதும் பொய்ப்பல் இருக்கிறதா என்று கட்டை விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டார். பிறகு குனிந்து போட்டுக்கு அடியில் இருக்கும் தண்ணீரை ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஏம்மா, தண்ணிக்கு அடியில ரோடு போடுறாகளா? ஜல்லியக் கொட்டிட்டு, தார ஊத்தாமப் போய்ட்டாக போலயே!"

தனி டிக்கெட்

பயந்து போய் அடுத்த நாள் நேர்மாறாகச் செய்தேன். தேனியிலிருந்து ஒரு புதுமணத் தம்பதி. கல்யாணப் பெண் படம் எடுப்பதற்காகவே கண் மை, பூ, பட்டுப் புடவை எல்லாம் குறையில்லாமல் வந்திருந்தாள். மாட்டு வண்டியை விடக் கொஞ்சம் மெதுவாகக் கிளப்பினேன். மெதுவாகப் போனால் போட் தண்ணீரில் கனமாக உட்கார்ந்துகொள்ளும், குளத்தில் இறங்கின எருமை மாதிரி மூக்கை மட்டும் தூக்கிக்கொண்டு நகரும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒவ்வொரு அலையும் பக்கவாட்டில் மோதி எழும்பியது; காற்று அதை அப்படியே அள்ளிக்கொண்டு வந்து அந்தப் பெண்ணின் முகத்தில் அடித்தது.

மாப்பிள்ளை முதலில் கைக்குட்டையை விரித்துப் பிடித்தார். அது பறந்து போனது. கைப்பையைப் பிடித்தார். கடைசியில் தானே எழுந்து குடை மாதிரி வளைந்து நின்றார். நான் அவரை உட்காரச் சொல்லி அலறினேன். கரைக்கு வரும்போது கண் மை கழுத்து வரைக்கும் வந்திருந்தது. அழப் போகிறாள் என்று நினைத்தேன். அவளோ மாப்பிள்ளையைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, என் பக்கம் திரும்பிக் கேட்டாள்:

"நேத்து வந்தவுகள இடிச்சீகளாம், இன்னைக்கு எங்களக் குளிப்பாட்டிட்டீக. நடுவுல ஒரு வேகம் இருக்காக்கா, இல்ல அதுக்குத் தனி டிக்கெட்டா?"

சம்பந்தி வரிசை

அந்த நடு வேகத்தை நான் ஆள் ஏற்றாமல் தனியாகப் போய்த் தேடினேன். இருந்தது. லீவரைத் தள்ளிக்கொண்டே போனால் ஓர் இடத்தில் போட் தண்ணீரை விட்டுத் தானாக எழும்பி மேலாக்க வழுக்க ஆரம்பிக்கும். அந்த இடத்திலேயே பிடித்துக்கொள்ள வேண்டும். மேலே போனால் இடி, கீழே வந்தால் குளியல். அப்படியும் மூக்கு தூக்கிக்கொண்டே இருந்தது. உமர் அண்ணனிடம் கேட்டேன். உமர் அண்ணன் உத்தமபாளையத்துக்காரர். எஞ்சின் பார்ப்பது, லைஃப் ஜாக்கெட் மாட்டி விடுவது, இறங்கி வருகிறவர்களின் முகத்தைப் பார்த்து என்னைக் கேலி செய்வது என்று அவருக்கு மூன்று வேலை. "கனம் பூரா பின்னாடி இருந்தா மூக்கு வானத்தத்தான் பாக்கும். ரெண்டு ஆள முன்னாடி தள்ளி உக்கார வையி" என்றார்.

சொல்லிவிட்டார். அன்றைக்கு வந்ததோ இரண்டு சம்பந்தி வீட்டார். வளைகாப்பில் ஏதோ வாய்த்தகராறாம். பெண்ணின் அம்மா முன் வரிசையில் தனியாகப் போய் உட்கார, பையனின் அம்மா தன் ஆட்கள் அத்தனை பேரோடும் கடைசி வரிசைகளில் நெருக்கியடித்துக்கொண்டார். போட் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. "யாராச்சும் முன்னால வாங்க" என்று கெஞ்சினேன். ஒருவரும் அசையவில்லை. "இப்படியே போனா எல்லாரும் நனைவீக, சம்பந்தின்னு தண்ணி பாக்காது" என்றதும்தான் பையனின் அம்மா எழுந்து வந்து பெண்ணின் அம்மா பக்கத்தில், முகத்தை மட்டும் மலைப்பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார்.

மூக்கு இறங்கியது. போட்டின் கூரான அடிப்பாகம் அலையைக் கத்தி மாதிரி வகுந்துகொண்டு போனது. நானே அசந்து போனேன். அசந்த நேரத்தில் கூட்டத்தோடு சேராத ஓர் அலை குறுக்கே வந்து ஓர் உதை விட்டது. இரண்டு அம்மாக்களும் ஒருவரையொருவர் இறுக்கிக் கட்டிக்கொண்டார்கள். கரை வரும் வரைக்கும் விடவில்லை. இறங்கியதும் இரண்டு குடும்பமும் அதைப் பார்த்துச் சிரிக்க, பையனின் அம்மா முந்தானையை உதறிக்கொண்டு சொன்னார்:

"நான் ஒண்ணும் அவுகளப் பிடிக்கல. போட்டு ஆடுச்சு, கை தானாப் போச்சு. கை செய்யிறதுக்கெல்லாம் நான் பொறுப்பா?"

டீக்கடை இல்லாத மலைப்பாதை

ஆடி பிறந்ததும் காற்றுக்கு இன்னும் தைரியம் வந்தது. அலையை நேருக்கு நேராக வாங்கினால் முழு அடியும் நெஞ்சில் விழுகிறது. கொஞ்சம் சாய்த்துக் கோணலாக ஏறினால் போட் அலையின் தோளில் ஏறி வழுக்கி இறங்கிவிடுகிறது என்பதை இதற்குள் கண்டுபிடித்திருந்தேன். ஆனால் கோணலாகவே போய்க்கொண்டிருந்தால் போக வேண்டிய இடத்துக்குப் போக முடியாது. கொஞ்ச தூரம் வலப்பக்கம் சாய்ந்து, திரும்பி இடப்பக்கம் சாய்ந்து, மறுபடி வலப்பக்கம் என்று வளைந்து வளைந்துதான் போக வேண்டும்.

கூடலூரிலிருந்து குமுளிக்கு ஜீப் ஓட்டுகிற ஓர் அண்ணன் மனைவியோடு வந்தார். ஓட்டுநர் என்பதால் உரிமையோடு என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டார். ஓட்டுநரைப் பயணியாக ஏற்றின வேதனை உங்களில் சிலருக்குத் தெரியும். ஒவ்வொரு அலைக்கும் அவருடைய வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்தது. நான் திரும்பும்போதெல்லாம் இல்லாத ஹாரனை அவர் கை தேடியது. முதல் வளைவில் "எதுக்கும்மா சுத்துற?" என்றார். விளக்கினேன். இரண்டாவது வளைவில் "ம்ம்" என்றார். அதன்பின் எண்ணுவதை விட்டுவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டார். இறங்கியதும் மனைவி "குலுங்கவே இல்ல, நம்ம ஜீப்ப விட எம்புட்டோ தேவல" என்றார். அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை.

"குலுங்கல, சரி. இத்தன வளைவு வளைஞ்சும் ஒரு எடத்துல கூட டீக்கடை இல்ல. இது என்ன மலைப்பாத?"

ஸ்டாஃப் ரூம்

வேகம், கனம், சாய்வு மூன்றும் கைக்கு வந்தது. நாலாவது ஒன்று இருந்தது: கையே சும்மா இருக்கக் கூடாது. அலையின் உச்சிக்கு ஏறும்போது லீவரைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டால் போட் பறக்காது. உச்சியைத் தாண்டினதும் கொஞ்சம் கொடுத்தால் பள்ளத்தில் குப்புற விழாது. இழு, கொடு, இழு, கொடு. தூரத்திலிருந்து பார்த்தால் நான் ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டுகிற மாதிரி இருக்கும் என்று உமர் அண்ணன் சொல்வார். அந்த வாரம் பெரியகுளம் பக்கத்திலிருந்து டீச்சர்கள் சிலர் வந்தார்கள். அதில் ஒருவர் தலைவலி என்று சொல்லி ஏறத் தயங்கினார். நடுவுக்குச் சற்றுப் பின்னால் இருக்கும் சீட்டில் உட்கார வைத்தேன். போட்டில் ஆட்டம் மிகக் குறைவாகத் தெரிகிற இடம் அது. மற்றவர்கள் மலையையும் மேகத்தையும் ஒருவரையொருவரும் படம் எடுத்துக்கொண்டிருக்க, அவர் மூக்குக்கண்ணாடி சரியத் தூங்கிப் போனார். ஆடிக் காற்றில், அலைக்கு நடுவில், லேசான குறட்டையோடு! எனக்குப் பெருமை தாங்கவில்லை. கரைக்கு வந்து எழுப்பினோம். கண்ணைத் திறந்து, படகுத்துறையைப் பார்த்து முகம் வாடினார்.

"அதுக்குள்ள வந்திருச்சா? எங்க ஸ்டாஃப் ரூம விட இங்கன நிம்மதியா இருக்கே. எனக்கு மட்டும் இன்னொரு ரவுண்டு போடுங்க, பேசுற ஆளு யாரையும் ஏத்தாதீக."

எஞ்சின் கூப்பிட்ட பெயர்

டீச்சர் தூங்கின பெருமை ஒரு நாள்தான் நின்றது. மறுநாள் நர்சிங் படிக்கிற பெண்கள் கும்மாளமாக வந்து ஏறினார்கள். வழுக்கிக்கொண்டு போய், வழுக்கிக்கொண்டு திரும்பினேன். பாதியிலேயே முணுமுணுப்பு கிளம்பிவிட்டது. "அக்கா, தாலாட்டுக்கா வந்தோம்?" "அக்கா, ஒரே ஒரு ஜம்ப்!" "அக்கா, எங்க ஹாஸ்டல் கட்டில் கூட இத விட ஆடும்!" எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் வார் இறுக்கமாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தேன். சரி, ஒன்றே ஒன்று என்று ஒரு நல்ல அலையாகப் பொறுக்கி, லீவரைத் தள்ளினேன்.

போட் தாவியது. பின்னால் சுற்றுகிற விசிறியும் தண்ணீரை விட்டு வெளியே வந்துவிட்டது. பிடிக்கத் தண்ணீர் இல்லாத எஞ்சின் அணை முழுக்கக் கேட்கிற மாதிரி அலறியது. அதை விட உரக்கப் பெண்கள் அலறினார்கள். விழுந்தோம், நனைந்தோம், சிரித்தோம். நானும்தான். கரையில் உமர் அண்ணன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். பெண்கள் துள்ளிக்கொண்டு இறங்கிப் போகும் வரைக்கும் பொறுத்திருந்து, எஞ்சினை ஆதரவாகத் தடவிக் கொடுத்தார்.

"நீ தாவுனத நான் பாக்கல தனம், தொழுகையில இருந்தேன். ஆனா எஞ்சினு எம் பேரச் சொல்லிக் கூப்பிட்டது கேட்டுச்சு."

முதலாளியின் இடுப்பு

இதற்கிடையில் முதலாளிக்குப் பூண்டு வியாபாரியின் புகார் சுற்று வழியாகப் போய்ச் சேர்ந்திருந்தது. "காத்து அடங்குற வரைக்கும் போட்டக் கரையேத்திருவோம். நீ ஐப்பசியில வா, அது மதி" என்றார். மலையாளத்தில் மதி என்றால் போதும். ஐப்பசி வரைக்கும் நான் என்ன செய்வது? லோடு ஆட்டோ வேறு ஒருவர் வாசலில் நின்றது. வீட்டுக்காரர் தோட்டத்தில் கொடி வெட்டுகிற கவாத்து வேலைக்குப் போகிற வருமானத்தில் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்க முடியாது. "நீங்களே ஒருக்க ஏறிப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்றேன். அவர் இடுப்பு வலிக்குப் பெல்ட் போட்டிருப்பவர். நாற்காலியில் உட்காருவதற்கே ஒரு நிமிஷம் எடுத்துக்கொள்பவர். உமர் அண்ணன் என்னை ஓரமாக இழுத்து, "உனக்கு வேற ஆளே கெடைக்கலையா?" என்றார்.

அன்றைக்குப் பார்த்துக் காற்று வெறிபிடித்து அடித்தது. நடு அணை வெள்ளைப் பொங்கலாகப் பொங்கிக்கொண்டிருந்தது. மலையைப் பார்த்தேன். மேற்குக் கரையில் மலை தண்ணீர் வரைக்கும் இறங்கி நிற்கும். அதன் மறைவில் காற்றுக்கு வேலை இல்லை. நேர் வழியை விட்டுவிட்டு அந்த மலையோரமாகவே, அதன் பாக்கெட்டுக்குள் நடக்கிற மாதிரி, சுற்றிச் சுற்றிப் போனேன். அங்கே தண்ணீர் தை மாசத்தைக் கடன் வாங்கி வைத்திருந்தது. முதலாளி முதலில் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருந்தார். பிறகு ஒரு கை. பிறகு போனை எடுத்து வீட்டுக்குப் பேசவே ஆரம்பித்துவிட்டார். திரும்பி வந்து, இறங்கி, பெல்ட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, பெட்ரோல் முள்ளை ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

"இடுப்பு வலிக்கலம்மா, சத்தியமா. போட்டு ஓடட்டும். ஆனா நீ சுத்துன சுத்துக்கு நெஞ்சுல லேசா ஒரு வேதன இருக்கு."

அண்டாவுக்கு லைஃப் ஜாக்கெட்

ஆடி கடைசியில் ஒரு காலை. டிக்கெட் கவுண்டரே திறக்கவில்லை. ஒரு வேன் புழுதி கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. குதித்து இறங்கியவர் கம்பத்தில் சமையல் மாஸ்டர், பெயர் பாண்டி. அணைக்கு அக்கரையில் ஒரு கோயிலில் அவருடைய அக்கா பிள்ளைக்குக் காதுகுத்து. தாய்மாமன் இவர்தான். வழியில் காற்றுக்குப் புளியமரம் ஒன்று சாய்ந்து ரோட்டை அடைத்துவிட்டது. சுற்றிப் போனால் நல்ல நேரம் முடிந்துவிடும். வேனுக்குள் அவர் மனைவி சீர்த்தட்டுகளோடு உட்கார்ந்திருந்தார். தட்டுகளுக்குப் பின்னால் ஓர் அண்டா. அண்டா நிறையச் சாம்பார்.

"சோறு, கூட்டு, பாயசமெல்லாம் விடியவே அங்கிட்டுப் போயிருச்சு. சாம்பாரு மட்டும் நான் கூட இருந்து எறக்கணும்னு நின்னேன். விருந்துதான் என் சீரு" என்றார். அவர் போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஒலிபெருக்கியில் போட்டார். அக்காவின் குரல்: "ஏலே பாண்டி, எங்கன இருக்க? இவுக அண்ணன் மடியில உக்கார வச்சுக் குத்திரலாம்ங்கிறாக. கரண்டி பிடிக்கிற மாமன் கரண்டியோடவே நின்னுட்டான்னு உம் மச்சான் சிரிக்கிறாரு. நான் எந்திரிக்க மாட்டேன்னு பிள்ளையக் கட்டிப் பிடிச்சு உக்காந்திருக்கேன். வந்துருவேல்ல?" பாண்டி தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

நான் முதலாளியைப் பார்த்தேன். முதலாளி தண்ணீரைப் பார்த்தார். "எந்தா தனம், ஆளு ஏத்தலாம். சாம்பாருக்கு எந்த ரூலும் இல்லியே" என்றார். "வேணாம்னும் ரூல் இல்லீக" என்றார் உமர் அண்ணன். முதலாளியே போய் வேன் கதவைத் திறந்துவிட்டார்.

சாம்பார் நல்லவேளையாகக் கொதிசூட்டில் இல்லை, கை பொறுக்கிற சூடு. நடுவுக்குச் சற்றுப் பின்னால், டீச்சர் தூங்கின இடத்தில், நனைத்த சாக்கை விரித்து அண்டாவை வைத்தோம். மூடியின் மேல் வேட்டித் துணியைச் சுற்றி, கயிறு போட்டு நாலு பக்கமும் கட்டினோம். உமர் அண்ணன் திருப்திப்படாமல், பெரிய ஆட்களுக்கு மாட்டுகிற லைஃப் ஜாக்கெட் ஒன்றை அண்டாவின் வயிற்றில் மாட்டி, வாரை இழுத்து இறுக்கி, பழக்க தோஷத்தில் "மூச்சு முட்டுதா?" என்று அதனிடம் கேட்டும்விட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது.

இதுவரைக்கும் பெரிய அலையை எதிர்காற்றில்தான் சமாளித்திருந்தேன்; திரும்பும்போது கரையோரச் சின்ன அலைதான். அக்கரைக் கோயிலுக்குக் காற்று முதுகுப் பக்கம். மலை மறைவும் அந்த வழியில் கிடையாது. பின்னாலிருந்து வரும் அலை போட்டின் புட்டத்தைத் தூக்கிவிடும். மூக்கு சரிந்து முன்னால் இருக்கிற அலையில் குத்தும். அதனால் எதிர்காற்றுக்குச் செய்ததை எல்லாம் திருப்பிச் செய்ய வேண்டும். பாண்டியையும் அவர் மனைவியையும் பின் வரிசைக்கு அனுப்பினேன். எஞ்சினைச் சாய்க்கிற பொத்தானை அழுத்தி மூக்கைக் கொஞ்சம் தூக்கி வைத்தேன். ஓர் அலையின் முதுகில் ஏறி, அதன் உச்சியைத் தாண்டாமல், அது போகிற வேகத்திலேயே ஒட்டிக்கொண்டு போனேன். ஊர்வலத்தில் சாமிக்குப் பின்னால் நடக்கிற மாதிரி. முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது.

நடு அணையில் எனக்கு முன்னால் போன அலை திடீரென்று கரைந்து காணாமல் போனது. பின்னால் ஒன்று, மற்றதை எல்லாம் விடப் பெரியது, எழும்பி வருவதைப் பாண்டியின் மனைவிதான் முதலில் பார்த்தார். "ஆத்தா! ஆத்தா!" என்றார். அது சாமியையா, என்னையா என்று கேட்க நேரமில்லை. போட்டின் பின்பக்கம் உயர்ந்தது. மூக்கு சரிய ஆரம்பித்தது. லீவரை இழுக்கத்தான் கை துடித்தது. இழுத்திருந்தால் அலை எங்கள் மேல் ஏறியிருக்கும். கொஞ்சமாகக் கொடுத்தேன். ஸ்டியரிங்கை ஒரு பக்கமாகச் சாய்த்து, சரிவில் நேராக இறங்காமல் குறுக்காக வழுக்கினேன். தண்ணீர் இரண்டு பக்கமும் சுவராக எழும்பியது. என் மேல் முழுதாகக் கொட்டியது. பிறகு அலை அடியில் புகுந்து போய்விட்டது. திரும்பிப் பார்த்தேன். பாண்டி இரண்டு கையாலும் அண்டாவைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். அவர் மனைவி சீர்த்தட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். ஒரு வாழைப்பழம்கூட விழவில்லை.

கோயில் படித்துறையில் கூட்டமே இறங்கி நின்றது. இடுப்பளவுத் தண்ணீரில் நாலு பேர் வந்து அண்டாவை இறக்கினார்கள். லைஃப் ஜாக்கெட்டோடு சாம்பார் ஊர்வலம் போவதைப் பார்த்து மேளக்காரர் யாரும் சொல்லாமலே வாசிக்க ஆரம்பித்துவிட்டார். பாண்டி ஈர வேட்டியோடு ஓடினார். அக்கா பிள்ளையைத் தூக்கி அவர் மடியில் வைத்தபோது அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பார்த்தால் இருவரும் அழுதுவிடுவார்கள் என்று எனக்கே தெரிந்தது. காது குத்தியதும் பிள்ளை வீறிட்டு அழுதது. அந்தச் சாக்கில் இருவரும் அழுதுகொண்டார்கள்.

என்னையும் இழுத்து இலையின் முன் உட்கார வைத்துவிட்டார்கள். உடம்பெல்லாம் சொட்டச் சொட்ட உட்கார்ந்தேன். எதிர் வரிசையில் அந்த மச்சான். பாண்டியே கரண்டியோடு வந்து அவருக்கு முதல் சாம்பார் ஊற்றினார். பந்தியே அவர் வாயைப் பார்த்தது. அவர் பிசைந்தார், ஒரு வாய் வைத்தார், மென்றார், இன்னொரு வாய் வைத்தார். இலையை ஒருமுறை உற்றுப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"ருசியில ஒண்ணும் கொறை இல்ல மாப்ள. ஆனா இம்புட்டுத் தூரம் தண்ணியில வந்தும் ஒரு சொட்டு அலுங்கலையே! பருப்பு பூரா அடியில உக்காந்திருக்கு, கலக்கி ஊத்து!"

ஆக, ஆடிக் காற்றில் பயணியின் வயிற்றைக் கலக்காமல் ஓட்டக் கற்றுக்கொண்டுவிட்டேன். அதே நேரத்தில் சாம்பாரை மட்டும் கலக்கிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி என்று உங்களில் யாருக்காவது தெரிந்தால் கொஞ்சம் சொல்லுங்கள்.